நொரீனின் முட்டிக்கு மூன்று படிகள்

"இவ முட்டி ரெண்டும் போச்சும்மா. ஏணியெல்லாம் காட்டாதே. இவ ஏறி விழுந்தா யாரு தூக்குறது?" என்று டெஸ் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி நொரீன், வேறு யாருடைய முட்டியைப் பற்றியோ பேச்சு நடப்பதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தாள். சாமான் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்த விற்பனைப் பெண் பிரையனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டபோ ஊரில் அந்த கேம்பிங் சாமான் கடையில் பதினோரு வருடமாக இருக்கிறாள் பிரையனி. ஓய்வுபெற்றதும் காருக்குப் பின்னால் கூடார வண்டியை மாட்டிக்கொண்டு நாட்டைச் சுற்றக் கிளம்பும் தம்பதிகள் வராத நாளே கிடையாது. கூடாரத்தை விரித்தால் மெத்தை நெஞ்சு உயரத்தில் இருக்கும். அதில் ஏற ஏணியா, படியா என்று பேசும்போதுதான் புருஷன்மாரின் லட்சணம் வெளியே வரும். இந்த ஆளின் லட்சணம் இரண்டே நிமிடத்தில் வந்துவிட்டது. அவள் விவாகரத்து வாங்கிய மகராசனும் இதே ரகம்தான்.

"எப்பக் கிளம்புறீங்க?"

"வெள்ளிக்கிழமை. வடக்கே கடல் வரைக்கும், மூணு மாசம்," என்றாள் நொரீன். "ஒன்பது வருஷமா கேட்டுக் கேட்டு, இப்பத்தான் கூடி வந்திருக்கு."

"இவ மெத்தையில ஏற முடிஞ்சாத்தானே? முடியலேன்னா பயணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வீட்டுலயே கிடக்க வேண்டியதுதான்," என்றார் டெஸ். தள்ளுவண்டியின் கைப்பிடியில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, முதலாளி தோரணையில் சாய்ந்திருந்தார்.

தள்ளுவண்டியில் ஒரு சாமான்கூட இல்லை. துரைக்குச் சாய்ந்துகொள்ள ஏதாவது ஒன்று வேண்டும்போல என்று பிரையனி நினைத்துக்கொண்டாள்.

அவள் வேண்டுமென்றே அலுமினிய ஏணியை எடுத்து, காட்சிக்கு விரித்து வைத்திருந்த கூடார வண்டியில் சாய்த்தாள். நொரீன் நாலே எட்டில் மேலே போய் மெத்தையில் உட்கார்ந்து, காலை ஆட்டிப் பார்த்துவிட்டு, சரசரவென்று இறங்கினாள்.

"பார்த்தீங்களா? ஏணியே போதும். மடிச்சா கட்டிலுக்கடியில சொருகிடலாம். கைப்பிடி வச்ச மூணு படிப் பெட்டின்னா பாதி வண்டியை அடைச்சுக்கும்," என்றாள் பிரையனி.

"கடையில நல்லாத்தான் ஏறுவா. வழியில ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கணுமே, அப்பத் தெரியும் சங்கதி. நாப்பது வருஷம் கூரை வேலை பார்த்தவன் நான். எனக்கே ஏணியைப் பத்திப் பாடம் எடுக்காதே. படியைக் கொண்டா. இவளுக்கு அதான் சரி."

ஒரு மனுஷியைக் கடை நடுவில் நிறுத்தி, நொண்டி மாட்டுக்கு விலை பேசுவதுபோலப் பேசுகிறானே! அதற்கும் இவள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாளே! பிரையனிக்கு இரண்டு பேர் மேலும் வெறுப்பாக இருந்தது. இந்த ஆளை இன்றைக்கு மூக்கறுக்காமல் அனுப்பக் கூடாது.

"அப்ப ஒண்ணு செய்யலாம், டெஸ். கூரை கூரையா ஏறினவர் நீங்க. ஏணியில எப்படி ஏறணும்னு நீங்களே ஒரு தடவை ஏறிக் காட்டுங்க. நொரீன் பார்த்துக் கத்துக்கட்டும்."

மீன்தூண்டில் பக்கம் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "ஏறிக் காட்டுங்க அண்ணே, நாங்களும் பார்க்குறோம்!" என்று ஒருவன் சிரித்தான்.

டெஸ் ஏணியைப் பார்த்தார். காது மடல்கள் சிவந்துவிட்டன.

"என்ன யோசனை? நாலு கம்பிதானே?" என்றாள் பிரையனி. அதைப் பார்க்க அவளுக்குத் தித்தித்தது.

டெஸ் தள்ளுவண்டியிலிருந்து ஒரு கையை மெல்ல எடுத்தார்.

"ஐயோ!" நொரீன் முட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சுளீர்னு பிடிச்சுக்கிச்சு, கண்ணு. இந்த ஏணி எனக்கு ஒத்துவராது. இவர் சொன்னதுதான் சரி. அந்தப் படியையே போடு."

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா, கிழவி?" என்றார் டெஸ். எடுத்த கையை மறுபடியும் தள்ளுவண்டியில் ஊன்றிக்கொண்டார்.

வெட்கங்கெட்ட பிழைப்பு என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பிரையனி படிப்பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்தாள். டெஸ் அதைத் தள்ளிக்கொண்டு, ஊர்வலம் போவதுபோல மெதுவாகக் காருக்கு நடந்தார். நொரீன் தரையிலிருந்து துள்ளி எழுந்து, பணம் கட்ட விறுவிறுவென்று வந்தாள்.

பிரையனியால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "உங்க முட்டிக்கு ஒரு கேடும் இல்லன்னு எனக்குத் தெரியும். இப்படி நடிச்சு நடிச்சுத்தான் அவரைத் தலைமேல தூக்கி வச்சிருக்கீங்க. அவரே ஏறியிருந்தா என்ன குடி முழுகிப்போயிருக்கும்?"

நொரீன் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். டெஸ் இன்னும் கார்வரைக்கும் போய்ச் சேரவில்லை. அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"போன கிறிஸ்மஸ்லேருந்து எனக்கு முட்டிவலின்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கார், பாவம்," என்று குரலைத் தாழ்த்தினாள். "அவர் முட்டி போனது எனக்குத் தெரியும்னு மட்டும் காட்டிக்காதே, கண்ணு."