டிராக்டருக்கு வைத்த பொட்டு

நமுனுகுல மலையிலிருந்து இறங்கும் மூடுபனிக்குள், சங்கிலிப் பட்டையில் ஓடும் அந்தப் பழைய டிராக்டர் அதிர்ந்துகொண்டு நிற்கிறது. அதை விற்க வந்திருக்கும் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி முத்துவீரன் அதற்கு மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்துத் தேர்போலச் சோடித்திருக்கிறார். வாங்க வந்த பதுளைக் கடைக்காரர் ராமாமிர்தம் நம்பாமல் சுற்றிச் சுற்றி வருகிறார். பட்டையின் தொய்வைத் தூக்கிப் பார்த்தாயிற்று. பற்சக்கரத்தின் பல்லைத் தடவியாயிற்று. பொறுத்துக்கொள்ளக்கூடிய தேய்மானம்தான். மழைக்கு முன் காடு அழித்துத் தருவதாகத் தோட்டத் துரைக்கு வாக்குக் கொடுத்துவிட்ட ராமாமிர்தத்துக்கு வேறு இயந்திரமும் கிடையாது. ஆனால் ஒரு பொட்டு உறுத்துகிறது. மற்றவையெல்லாம் முகப்பில் இருக்க, அது மட்டும் எஞ்சினின் பக்கவாட்டில், குனிந்தால்தான் தெரியும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு அப்பியிருக்கிறது. அவர் கை நீள்கிறது.

“ஐயையோ, பொட்ட அழிக்காதீங்க மொதலாளி! மாரியாத்தாவுக்குப் பூச பண்ணி வச்சதுங்க.”

கை அந்தரத்தில் நிற்கிறது. சாமிக்கு வைத்த குங்குமத்தை அழிக்க அவருக்கு மனம் வராது. அது கங்காணிக்கும் தெரியும்.

“அழிக்கல கங்காணி. எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடட்டும்.”

“எண்ணெ வீணாப் போகுதுங்க. நிப்பாட்டிரலாமே.”

“ஓடட்டும்.”

இரும்பு சூடேறுகிறது. முகப்புச் சந்தனம் காய்ந்து வெடித்துப் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. அந்தக் குளிரிலும் கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கழுத்தைத் துடைக்கிறார். பக்கவாட்டுப் பொட்டு மட்டும் காயவில்லை. அது மெல்லப் பளபளக்கிறது, நடுவில் கனக்கிறது. பிறகு யாரும் தொடாமலே மெழுகாய் உருகி, செக்கச்செவேலென்று வழிகிறது. அதன் பின்னாலிருந்த விரிசல் வெந்நீரைக் கக்குகிறது.