கீழே ஓடும் எழுத்து

கோலாலம்பூரிலிருந்து வந்த கடிதத்தை அம்பிகைபாகன் மேசையில் ஜெயலெட்சுமி பக்கம் தள்ளினார்.

"வாசி. வசமா மாட்டிக்கிட்டோம்லா."

வார இதழின் ஆசிரியர் அவர். வெள்ளைக்காரன் காலத்து ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். பாசாரில் மீன் விலை கேட்கும் அளவுக்குத்தான் அவருக்கு மலாய் வரும். கடிதம் மலாயில் இருந்தது.

அதன் தலையில், இதழில் வந்த அவளுடைய பட விமர்சனத்தைக் கத்தரித்து ஒட்டியிருந்தார்கள். ஒரு வரிக்கு அடியில் சிவப்புக் கோடு.

வேலை பார்க்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அவளுக்கு ஓர் எண்தான். அவள் பெயர் அச்சாவது இந்த இதழில் மட்டும். அதுவும் ஓர் ஆங்கில உளவாளிப் பட வரிசையில் புதுப்படம் வரும்போது. இதுவரை ஐந்து படம்.

ஐந்தாவது படத்தின் முடிவில் உளவாளி துப்பாக்கியைக் கடலில் எறிகிறான். 'இந்தக் கைக்கும் வீட்டுக்குப் போக ஆசை' என்கிறான். அந்த ஒரு வசனத்துக்காகவே மூன்று முறை பார்த்தேன் என்று எழுதியிருந்தாள்.

"நேத்து நானே போய்ப் பார்த்தேன். 'இட்ஸ் ஓவர்'னுட்டு போயிடறான். நீ சொல்ற வசனத்தை எங்க கேட்ட, மேலோகத்துலயா?"

அவள் கடிதத்தின் முதல் பத்தியை மனதுக்குள் படித்தாள். காது சூடானது.

எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அவருக்குத் தெரியப் போவதில்லை.

தமிழாக்கி, உள்ளபடியே வாசித்தாள்.

"என் பெயர் ரொஸ்னா. இந்தப் படங்களுக்குத் திரையின் அடியில் மலாய் எழுத்துப் போடுகிறவள் நான். நீங்கள் பாராட்டிய வசனம் படத்தில் இல்லை. அது நான் எழுதியது. உங்கள் விமர்சனத்தை என்னோடு வேலை செய்யும் தமிழ்ப் பெண் சொல்லக் கேட்டேன். நீங்கள் படத்தைக் காதால் கேட்கவில்லை, கண்ணால் வாசித்திருக்கிறீர்கள் என்று புரிந்தது."

அங்கே நிறுத்தினாள். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தொடர்ந்தாள்.

"நான் எழுதுவது திரையில் மூன்று விநாடி நிற்கும். அதற்குள் யாராவது கண்டால் உண்டு. நீங்கள் கண்டீர்கள். இனி எழுதும் ஒவ்வொரு வரியையும், நீங்கள் அரங்கில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துத்தான் எழுதுவேன்."

அம்பிகைபாகன் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"அப்ப உனக்கு இங்கிலீஷ்?"

"தெரியாது சார். கீழ ஓடுற எழுத்தைத்தான் படிப்பேன். அஞ்சு படமும் அப்படித்தான்."

அவர் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"அடுத்த படத்துக்கு ரெண்டு டிக்கெட் எடு. மேல பேசறதை நான் கேக்கறேன், கீழ ஓடறதை நீ படி. அந்த ரொஸ்னா பேரையும் போட்டு எழுது."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மலாயில் எழுதி ஆளைக் கொல்கிறார்கள் என்று திட்டினார்.

சூலியா தெருவுக்கு வந்ததும் ஜெயலெட்சுமி கடிதத்தை மறுபடி பிரித்தாள். வெயிலில் தாள் கண்ணைக் கூசவைத்தது.

மூன்று விநாடியைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை.

'புரிந்தது' என்பதற்குக் கீழே ரொஸ்னா எழுதியிருந்தது இரண்டே சொல். தெரிமா காசே. நன்றி.