பெயர் வராத கேள்வி

இயற்பியல் பேராசிரியர்களுக்குத் தொடுதிரைப் பயிற்சி. சக ஆசிரியர்கள் மாணவர்களாக உட்கார்ந்திருக்க, அமலோற்பவம் மாதிரி வகுப்பை எடுத்து முடித்தார். இத்தனை வருடத்தில் அவர் வகுப்பில் எவரும் சந்தேகம் கேட்டதில்லை. இன்றாவது ஒருவர் கேட்க வேண்டும் என்றிருந்தது.

“போன்ல கேள்விய அடிங்க சார், திரையில வரும். பேரு வராது,” என்று உட்கார்ந்திருந்தவர்களிடம் சொன்னாள் பயிற்சி தர வந்த ஷர்மிளா.

முதல் கேள்வி வந்தது: சாப்பாடு எப்போது?

“வேலாயுதம் சார்தான் இது. பேரு வேற வரணுமாக்கும்,” என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்தது வந்தது: காலம் ஏன் முன்னால் மட்டும் போகிறது? வருடக்கணக்காக நடத்துகிறேன். எனக்கே புரியவில்லை.

சிரிப்பு நின்றது. யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. துறைத்தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரையில் ஒரு சொல் தோன்றியது: எனக்கும். அதன் கீழே இன்னொன்று: எனக்கும். பிறகு மளமளவென்று வந்து, திரை நிரம்பி மேலே நகர்ந்தது.

“மேடம், நேரம் முடிஞ்சிருச்சு,” என்றாள் ஷர்மிளா.

“இரும்மா, இப்பத்தான் வகுப்பே ஆரம்பிக்குது,” என்ற அமலோற்பவம், கைப்பைக்குள் தன் போனைத் தேடினார்.