பென்சில் குறிகள்

ஆறு மணிக்கு ஜெரால்ட் பால் காய்ச்சுகிறான். அரக்கோணம் ரயில் கூவிக்கொண்டு போகிறது. அவன் மனைவி பிரிஸில்லா மாத்திரை போடும் நேரம் அது. ஜன்னல் வெளிச்சம் சபைக் காலண்டரில் விழுகிறது. மே பதினேழு வரை கட்டத்துக்குக் கட்டம் அவளுடைய பென்சில் குறி. அதன் பிறகு ஒன்றுமில்லை. மாமியார் மார்த்தாள் அந்தக் குறிகளை விரலால் தடவுகிறாள். "நடுவுல எப்பனா போட மறந்துட்டாளாப்பா?"

"இல்ல அத்த. மார்ல இருந்த புத்துநோய்க் கட்டி அந்த மாத்திரைக்கு அடங்குச்சு. ஈரலுக்குப் போனது அதே மரபணுவ வேற மாதிரி படியெடுத்துகிச்சு. மாத்திர பிடிச்சிக்க வேண்டிய இடமே அந்தப் படியில இல்ல."

"அப்ப இவ போட்டுகினு இருந்ததெல்லாம்?"

அவன் அடுப்பை அணைக்கிறான். பாலில் ஆடை படிகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கடைசியாகக் கேட்டதும் மறதியைப் பற்றித்தான்: "ஒரு நாள்கூட நான் மறக்கல இல்ல, பாவா?"