பஸ் இருக்கும் படங்கள்

"முடியாது பாப்பா. இந்தக் கட்டுரைக்கு மட்டும் நான் க்ளிக் பண்ணித் தர மாட்டேன்."

அண்ணி இப்படிச் சொல்வாள் என்று பாப்பா கனவிலும் நினைக்கவில்லை.

வயது முப்பத்தைந்து ஆனாலும் வீட்டில் அவள் பாப்பாதான். பெரிய மருத்துவமனை ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதைக் காதில் வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று போதும், கம்ப்யூட்டரில் பொளந்து கட்டுவாள்.

வேலை முடிந்த நேரமெல்லாம் கட்டுரைதான். துப்புரவுப் பெண்களின் கூலி, தனியாக வாழும் பெண்களுக்கு வாடகை வீடு கிடைக்காத கொடுமை என்று எதை எடுத்தாலும் ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுத மாட்டாள். ஓர் இணைய இதழ் அவற்றை விரும்பி வெளியிட்டது.

ஒரே ஒரு தொல்லை. கட்டுரையை அனுப்பும் கடைசிக் கட்டத்தில் அந்த இதழின் தளம் வழியை மறிக்கும். 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள். பஸ் இருக்கும் படங்களைத் தேர்ந்தெடுங்கள்.' படம் என்றால் மென்பொருள் வாயைத் திறக்காது. காதால் கேட்டுப் பதில் சொல்லும் வசதியும் அதில் கிடையாது.

அப்போதெல்லாம் அண்ணிதான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பஸ்களைப் பொறுக்கி க்ளிக் செய்துவிட்டுப் போவாள்.

இந்த முறை பாப்பா எழுதியிருந்தது அந்தப் படங்களைப் பற்றியேதான். வேலை, வங்கி, தேர்வு என்று எத்தனை தளங்கள் பார்வையற்றவர்களை வாசலோடு திருப்பி அனுப்புகின்றன என்று மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சோதித்திருந்தாள். பாதிக்கப்பட்டவர்களிடம் பேசி, சட்டத்தையும் வரி வரியாகப் படித்திருந்தாள்.

அதை அனுப்பத்தான் அண்ணி மறுக்கிறாள்!

"ஒரு நிமிஷ வேலை. அதுக்கு ஏன் இந்தப் பிகு? தள்ளு, நான் பண்றேன்" என்று எழுந்தான் அண்ணன்.

"நீங்களும் தொடக் கூடாது."

அந்த வீட்டில் அண்ணியின் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. அண்ணன் உட்கார்ந்துவிட்டான்.

"ஏன் அண்ணி? நான் என்ன தப்பு பண்ணேன்?"

அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

பாப்பா அழுதது கொஞ்ச நேரம்தான். அப்புறம் வந்தது கோபம். இனி யார் விரலுக்காகவும் காத்திருக்கப் போவதில்லை!

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த இதழுக்கே போன் போட்டாள். எவரையும் லைனில் பிடிப்பதுதானே அவள் தொழில்! வரவேற்பாளரைத் தாண்டி, உதவியாளரைத் தாண்டி, ஆசிரியரையே பிடித்துவிட்டாள்.

விஷயத்தைச் சொன்னதும், "கட்டுரை எல்லாம் தளம் வழியாத்தான் வரணும் மேடம். எல்லாருக்கும் ஒரே வழி. எங்ககிட்ட பாரபட்சமே கிடையாது" என்றார் அவர்.

"சார், உங்க எதிர்ல கம்ப்யூட்டர் இருக்கா?"

"இருக்கு."

"கண்ணை மூடிக்கிட்டு ஒரு கட்டுரையை அனுப்பிப் பாருங்களேன்."

ஆசிரியர் சிரித்தார். "அதெப்படி மேடம் முடியும்?"

"அதைத்தான் சார் நானும் கேக்கறேன்."

மறுமுனை அமைதியானது. லைன் அறுந்த அமைதிக்கும் ஆள் யோசிக்கும் அமைதிக்கும் பாப்பாவுக்கு வித்தியாசம் தெரியும். காத்திருந்தாள்.

"இதுவரைக்கும் எப்படி அனுப்பினீங்க?"

"எங்க அண்ணி க்ளிக் பண்ணித் தருவாங்க."

"அதான் மேடம்... உங்க கட்டுரை தவறாம வந்துக்கிட்டே இருந்துது. இப்படி ஒரு கஷ்டம் இருக்குன்னு எங்களுக்குத் தெரியவே இல்லை."

அன்று மாலையே கட்டுரையை மின்னஞ்சலில் வாங்கிப் படித்தார். மறுநாள் அவருடைய தொழில்நுட்ப ஆள் பாப்பாவோடு போனில் உட்கார்ந்தான். அவள் சொல்லச் சொல்ல மாற்றினான். படங்கள் ஒழிந்தன. அவள் தன் கையாலேயே கட்டுரையை அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் அவள் கட்டுரை. மேலே ஆசிரியரின் குறிப்பு: 'எங்கள் கதவும் சாத்தியிருந்தது. மன்னிக்கவும்.'

திங்கட்கிழமை மருத்துவமனை போன் ஓயவில்லை. "டாக்டரைக் குடுங்க" என்று யாரும் கேட்கவில்லை, "ஆபரேட்டர் மேடம் நீங்கதானா?" என்றுதான் கேட்டார்கள். கட்டுரையில் அவள் குட்டு வைத்த வேலைவாய்ப்புத் தளம் ஒன்று ஒரே வாரத்தில் தன்னைத் திருத்திக்கொண்டது. ஆசிரியரே மறுபடி கூப்பிட்டார்.

"மேடம், பார்வையில்லாதவங்க மூணு பேர் புதுசா கட்டுரை அனுப்பியிருக்காங்க. மூணும் பிரமாதம். இத்தனை நாள் எங்க இருந்தாங்க இவங்கல்லாம்?"

"உங்க வாசல்லதான் சார்."

அன்று தலை நிமிர்ந்து வீட்டுக்குள் நுழைந்தாள். நுழைந்ததும் ஆசிரியர் சொன்னதைச் சொன்னாள்.

அண்ணன் குதித்தான். மனைவி பக்கம் திரும்பி, "பாத்தியா? உன் தயவு இல்லாமலே ஜெயிச்சுட்டா!" என்றான்.

அண்ணி டீ டம்ளரைப் பாப்பாவின் கையில் வைத்தாள். பாப்பாவின் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது.

"அண்ணி... அழறீங்களா?"

"சந்தோஷத்துல அழக் கூடாதா?"

"அப்புறம் ஏன் அன்னிக்கு மாட்டேன்னீங்க? காரணத்தையாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ கெஞ்சியிருப்ப, நானும் மசிஞ்சிருப்பேன். கோபம் வந்ததாலதானே அந்த ஆளைப் பிடிச்சு உலுக்கின?"

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் க்ளிக் பண்ணியிருந்தா, உன் கட்டுரை ஒண்ணுதான் பாப்பா உள்ள போயிருக்கும்."