அவர் கணக்கில் நடை

"இதைக் கையில கட்டிக்கிட்டு ஒரு சுத்து போய்ட்டு வந்துடேன்."

ரிட்டயர் ஆன கண்டக்டர் வாட்சை நீட்டியதும் அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தையல் மெஷினை நிறுத்தினாள்.

"நீங்க நடக்கணும்னு பையன் வாங்கி அனுப்பினது. அதை நான் கட்டிக்கிட்டு நடக்கவா?"

"ஆயுசு பூரா பஸ்ஸுல நின்னாச்சு. இப்பவாவது உட்கார விடேன். நடக்கலைன்னா அங்க அவன் போன்ல தெரிஞ்சிடுமாம். அப்பாவுக்கு என்னவோ ஏதோன்னு பயந்துடுவான்."

"ஊரை ஏமாத்துங்க. பெத்த புள்ளையை ஏமாத்தலாமா?"

கேட்டாளே தவிர, வெளியூரில் தனியாக இருக்கிற பிள்ளை கவலைப்படுவானே என்று நினைத்ததும் மனசு கேட்கவில்லை. சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு, புருஷனைத் திட்டிக்கொண்டே தெருமுனை வரை போய் வந்தாள்.

சில நாளில் பூங்கா வரை.

"இன்னும் கொஞ்சம் நடக்கச் சொல்றான்" என்று கண்டக்டர் கூசாமல் சொன்னார். பூங்காவையும் ஒரு சுற்று சுற்றினாள்.

பள்ளிச் சீருடைகள் மலை மாதிரி குவிந்து கிடந்தாலும் நடை தப்பவில்லை. மெஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்காதவள், அலாரம் அடிக்கும் முன்பே செருப்பைத் தேடினாள். கால் மரத்துப்போவது எப்போது நின்றது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. புருஷன் நாற்காலியை விட்டு அசைவதில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"வெட்கமா இல்லையா உங்களுக்கு?"

"கொஞ்சம் இருக்கு" என்று பேப்பரைப் புரட்டினார்.

அன்று அவர் குளிக்கப் போயிருந்தபோது அவருடைய போன் அடித்தது. எடுத்தாள். வாயைத் திறக்கும் முன்பே மகன் ஆரம்பித்துவிட்டான்.

"அப்பா, டாக்டர்கிட்ட பேசினேன். அம்மாவுக்கு சர்க்கரை நல்லா குறைஞ்சிருக்காம். அவங்ககிட்ட எதையும் காட்டிக்காதீங்க. உனக்காக நடம்மான்னு சொன்னா ஒரு நாளும் நடக்க மாட்டாங்க. இன்னும் கொஞ்ச நாள் நீங்க திட்டு வாங்குங்கப்பா."

சத்தம் காட்டாமல் அழைப்பைத் துண்டித்து, போனை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

கண்டக்டர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"யாரு போன்ல?"

"ராங் நம்பர்." முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினாள். "அந்த வாட்சைக் கட்டி விடுங்க. சோம்பேறிக்கு வாழ்க்கைப்பட்டா, ரெண்டு வேளையும் நடந்துதானே ஆகணும்."