ட்ரீம்வீவருக்கு வெள்ளைப் பூ

"கம்ப்யூட்டர் விஷயத்துக்கு அம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாக்கப் போறாராம் உங்க அப்பா. வெளிய தெரிஞ்சா காறித் துப்புவான்."

காலையில் பல் விளக்கும்போதே மனைவி காளீஸ்வரியிடம் எரிந்து விழுந்தான் மணிகண்டபிரபு.

"அப்பா எதச் செஞ்சாலும் அதுல ஒரு காரணம் இருக்கும்."

"ஆமா, பெரிய காரணம். நேத்து ஆபீசப் போட்டுட்டு கயத்தாறுல கல்யாண வீடுன்னு பஸ் ஏறிப் போனாரே, அதுமாதிரி ஒரு காரணம்."

அது 2002. சென்னையில் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதால், மாமனார் ஊரான கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தவன் அவன். மாமனார் லிங்கராஜ் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். நைரோபியிலிருந்து ஒரு வியாபாரி, தீப்பெட்டி லேபிள்களை இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் ஆர்டர் சொல்கிறேன் என்றிருந்தார். வீட்டோட மாப்பிள்ளை என்ற பேரைத் துடைக்க இதைவிட்டால் வேறு வழியில்லை என்று வெப்சைட் வேலையில் இறங்கினான் மணிகண்டபிரபு.

வெப்சைட் செய்கிற சாஃப்ட்வேர்களில் அவனுக்குப் பிடித்தவை ட்ரீம்வீவரும் ஃபிளாஷும். கறுப்புத் திரையில் ஒரு தீக்குச்சி சுழன்று வந்து உரசிப் பற்றிக்கொள்ளும். அந்தத் தீயில் கம்பெனி பேர் எழும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டு ஓட்டிக் காட்டியபோது, குச்சி அடுக்குகிற பெண்கள்வரை வந்து வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவனுக்குப் போட்டி யார் என்கிறீர்கள்? டைப்பிஸ்ட் பொன்மணி. மூன்று மாதம் கோர்ஸ் படித்துவிட்டு, ஃபிரண்ட்பேஜ் என்கிற எளிய சாஃப்ட்வேரில் லேபிள் படங்களை வரிசையாக ஒட்டி, கீழே போன் நம்பரைப் போட்டிருந்தாள். அவ்வளவுதான்.

"ஃபிரண்ட்பேஜ்ல செஞ்சா அதுக்குப் பேரு வெப்சைட்டா? கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கு."

"எனக்குத் தெரிஞ்சது இதான் சார்" என்றாள் பொன்மணி.

இரண்டையும் சோதனைக்காக இன்டர்நெட்டில் ஏற்றியாயிற்று. எது இருக்கட்டும், எது போகட்டும் என்று லிங்கராஜ் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. பெண்ணைக் கொடுத்தவர், மாப்பிள்ளை செய்ததை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்லுவார்? மணிகண்டபிரபு நிம்மதியாகத்தான் இருந்தான். பத்து நாளாக வாயே திறக்காத மனிதர், நேற்று ராத்திரிச் சாப்பாட்டில்தான் பூக்கட்டிப் பார்ப்போம் என்று குண்டைத் தூக்கிப் போட்டார்.

செண்பகவல்லி அம்மன் சந்நிதியில் லிங்கராஜ், மணிகண்டபிரபு, பொன்மணி மூன்று பேரும் நின்றார்கள்.

"வெள்ளை நந்தியாவட்டை வந்தா மாப்பிள்ளையோட ட்ரீம்வீவர். செவ்வரளி வந்தா பொன்மணியோட ஃபிரண்ட்பேஜு. ஆத்தா சொல்லுதத கேட்டுக்கிடுவோம்."

"அம்மனுக்கு ட்ரீம்வீவர்ல எத்தனாவது வெர்ஷன் தெரியும் மாமா?"

"அவளுக்குத் தெரியாதது உண்டா மாப்பிள்ள."

குத்தல் புரிந்ததோ இல்லையோ, மனிதர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "கண்ணாடிய வேற வீட்லயே வச்சிட்டேன்" என்று முனகிக்கொண்டு, சட்டைப் பையில் கைக்கு வந்த தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார். திரும்பி நின்று, ஆளுக்கொரு பூ வைத்து இரண்டு பொட்டலம் மடித்துச் சந்நிதிப் படியில் வைத்தார்.

"நீங்களே எடுங்க மாப்பிள்ள."

மணிகண்டபிரபு சிரித்துக்கொண்டேதான் எடுத்தான். பிரித்தான்.

செவ்வரளி.

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. சாமியாவது பூதமாவது என்று காலையிலிருந்து பேசியவனுக்கு, அந்தச் சாமி தன்னை வேண்டாம் என்றதும் முகம் சுண்டிவிட்டது.

"விடுங்க மாப்பிள்ள. நானா சொல்லுதேன், ஆத்தால்லா சொல்லிட்டா. நைரோபிக்காரருக்கு இங்கிலீஷ்ல எழுத நம்ம ஆபீஸ்ல வேற யாருக்கு வரும்? அத இனிமே நீங்கதான் பாக்கணும்."

சொல்லிவிட்டு லிங்கராஜ் வெளியே நடந்தார். பொன்மணி அவன் முகத்தைப் பார்க்காமல் பின்னாலேயே போனாள்.

"படிப்பறிவில்லாத கூட்டம்."

பல்லைக் கடித்தான் மணிகண்டபிரபு. தனக்கு வந்திருக்க வேண்டிய வெள்ளைப் பூவையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று மற்ற பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான்.

அதிலும் செவ்வரளி.

பூவுக்கு அடியில், தாளின் உட்பக்கத்தில், மாமனாரின் கோணல் எழுத்து.

'கயத்தாறு பிரவுசிங் சென்டர். பொன்மணி செஞ்சது 4.05க்குத் தட்டினது, 4.06க்கு எல்லாம் வந்துட்டு. மாப்பிள்ளை செஞ்சது 4.10க்குத் தட்டினது, 4.25 வரை பாதிக் குச்சி. திரும்ப 4.30, குச்சியே வரல. திரும்ப 4.50. திரும்ப 5.15.'

கயத்தாறில் நடந்த கல்யாணம் இதுதானா?

சிடியைப் போட்டுப் போட்டுக் காட்டினானே தவிர, டெலிபோன் லைன் வழியாகத் தன் தீக்குச்சி வந்து சேர எத்தனை நேரமாகும் என்று அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அந்தப் படிப்பறிவில்லாத மனிதர், ஒரு தடவையாவது வந்துவிடாதா என்று நாலு தடவை தட்டிப் பார்த்திருக்கிறார்.

மாப்பிள்ளையைக் காணாமல் லிங்கராஜ் திரும்பி வந்தார். கையில் பொட்டலத்தைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"அத ஏன் பிரிச்சீங்க மாப்பிள்ள? அதுல... என்ன பூ இருந்துச்சு?"

தாளோடு பூவையும் கசக்கிப் பைக்குள் திணித்துக்கொண்டான் மணிகண்டபிரபு.

"வெள்ளைதான் மாமா."